இரண்டு இன்டர்நெட் லைன், ஒரே சர்வர்: எந்த லைன் போனாலும் உள்ளே நுழைய முழு வழிகாட்டி

வீட்டிலோ சின்ன ஆபீஸிலோ ஒரு லினக்ஸ் சர்வர் ஓடுகிறது, வெளியூரிலிருந்து எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வரின் டெர்மினலில் நுழையும் வழி) போட்டு வேலை பார்க்கிறீர்கள். ரோட்டைத் தோண்டும்போதெல்லாம் ஃபைபர் அறுந்து வேலை நிற்கிறதே என்று இன்னொரு கம்பெனியிடமும் லைன் வாங்கி, அந்த ரவுட்டரிலும் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை சர்வருக்குத் திருப்பிவிடும் அமைப்பு) போட்டுவிட்டீர்கள். முதல் லைனின் முகவரிக்குப் போனால் சர்வர் பேசுகிறது. இரண்டாவது லைனின் முகவரிக்குப் போனால் சத்தமே இல்லாமல் டைம்அவுட். ஃபயர்வாலைத் திறந்து மூடி, ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்து, கடைசியில் லைன்காரர்தான் போர்ட்டை அடைத்து வைத்திருக்கிறார் என்று அவரைத் திட்டுவதில் போய் முடியும். பெரும்பாலும் அவர் மேல் தப்பில்லை. பாக்கெட் சர்வர் வரைக்கும் ஒழுங்காக வந்து சேர்கிறது, பதில்தான் வேறு வழியில் வெளியே போகிறது.

எந்த லைனில் வந்ததோ அந்த லைனிலேயே பதில் திரும்ப வேண்டும், இந்த ஒன்றைச் சரிசெய்தால் போதும். கீழே சொல்லும் டைனமிக் டிஎன்எஸ், டனல், லைன் சோதனை எல்லாமே இதன் மேல்தான் நிற்கின்றன.

உபுண்டு சர்வரை மனதில் வைத்து எழுதுகிறேன். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன், டெர்மினலில் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள். சர்வருக்கு முன்னால் பிஎஃப்சென்ஸ் மாதிரி இரண்டு லைனையும் தானே கையாளும் ஃபயர்வால் இருந்தால் வந்த வழியே பதிலை அனுப்பும் வேலையை அதுவே செய்துவிடும், உங்களுக்கு இதில் பாதி தேவைப்படாது. லைன்காரர் கொடுத்த இரண்டு சாதாரண ரவுட்டர்களை வைத்துச் சமாளிப்பவர்களுக்குத்தான் இது.

முதலில் பார்க்கவேண்டியது: வெளியிலிருந்து வர வழி இருக்கிறதா?

ஒவ்வொரு ரவுட்டரின் பக்கத்திலும் போய் வான் முகவரி (இன்டர்நெட் பக்கம் ரவுட்டருக்குக் கிடைத்த முகவரி) என்ன என்று பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரைக்குள் ஆரம்பித்தால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பங்குபோட்டுக்கொள்ளும் ஏற்பாடு அது, 2012இல் இதற்கென்றே அந்த முகவரிகளை ஒதுக்கினார்கள். 10 என்று ஆரம்பித்தாலும் கதை ஏறக்குறைய அதேதான். அப்படிப்பட்ட லைனில் ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் வர முடியாது, ஏனென்றால் கதவு உங்கள் ரவுட்டரில் இல்லை, லைன்காரர் பக்கத்தில் இருக்கிறது. சிம் போட்ட 4ஜி, 5ஜி ரவுட்டர் என்றால் அனேகமாக இதுதான் நிலைமை. ஒன்று, மாறாத பொது முகவரியான ஸ்டாட்டிக் ஐபிக்குத் தனியாகப் பணம் கட்டுங்கள், இல்லை என்றால் கீழே டனல் பகுதிக்குப் போங்கள். அங்கேயும் ரவுட்டிங் விதிகள் வேண்டும் என்பதால் இடைப்பட்ட படிகளைத் தாண்ட வேண்டாம்.

இன்னொன்று, கம்பெனி வேறு வேறு என்பதால் மட்டும் லைன் வேறு வேறு ஆகிவிடாது. இரண்டு ஃபைபரும் ஒரே கம்பத்தில் ஏறி ஒரே தெருமுனைப் பெட்டிக்குப் போனால் ஒரே ஜேசிபி இரண்டையும் பிய்த்துவிடும். கேபிள் எந்தப் பக்கமாக வருகிறது என்று வெளியே போய்ப் பாருங்கள். இரண்டும் ஒரே வழி என்றால் இரண்டாவதற்கு சிம் ரவுட்டரே மேல். அப்படியே இரண்டு ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் யூபிஎஸ்ஸில் இருக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள். சர்வருக்கு மட்டும் யூபிஎஸ் போட்டு ரவுட்டரைச் சுவர் பிளக்கில் விட்டிருப்பார்கள், ரொம்பச் சாதாரணமாக நடக்கும் விஷயம்.

படி 1: முகவரிகளைப் பிரிப்பது

இரண்டு ரவுட்டரும் பெட்டியைப் பிரிக்கும்போதே 192.168.1.1 என்று உட்கார்ந்திருக்கும். ஒன்றை மாற்றியே ஆகவேண்டும். இந்தக் கட்டுரைக்கு முதல் ரவுட்டர் 192.168.1.1, இரண்டாவது 192.168.2.1. சர்வரில் இரண்டு நெட்வொர்க் கார்டு வேண்டும். ஒன்றுதான் இருக்கிறது என்றால் யூஎஸ்பி ஈதர்நெட் அடாப்டர் போதும். முதல் கார்டு ஈத்0, முகவரி 192.168.1.10. இரண்டாவது ஈத்1, முகவரி 192.168.2.10. உங்கள் மெஷினில் கார்டின் பெயர் வேறாக இருக்கும், ஐபி அட்ரஸ் என்று அடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு முகவரியையும் சர்வரிலேயே நிலையாகப் போடுங்கள், ரவுட்டர் தானாகக் கொடுக்கும் டிஎச்சிபி வரம்புக்கு வெளியே இருக்கட்டும்.

அப்புறம் ஒவ்வொரு ரவுட்டரிலும் வெளிப்போர்ட் ஒன்றை சர்வரின் 22க்குத் திருப்பிவிடுங்கள். முதல் ரவுட்டர் 192.168.1.10க்கு அனுப்ப வேண்டும், இரண்டாவது 192.168.2.10க்கு. எளிமைக்காக இரண்டிலும் வெளிப்போர்ட்டும் 22 என்றே வைத்துக்கொள்வோம்.

படி 2: நோயை நேரில் பார்ப்பது

விதி எதுவும் போடுவதற்கு முன்னால் என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். சர்வரில் இரண்டு டெர்மினல் திறந்து, ஒன்றில் பாக்கெட் போக்குவரத்தைக் காட்டும் டிசிபிடம்ப் ஹைஃபன் என்ஐ ஈத்0 போர்ட் 22, இன்னொன்றில் அதையே ஈத்1க்கு ஓடவிடுங்கள். நீங்களே எஸ்எஸ்எச்சில் உட்கார்ந்திருந்தால் உங்கள் பாக்கெட்டே திரையை நிரப்பிவிடும், அதனால் சோதனை செய்யும் மெஷினின் முகவரியை மட்டும் ஹோஸ்ட் என்று சொல்லி வடிகட்டுங்கள். இப்போது போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் இரண்டாவது லைனின் பொது முகவரிக்கு எஸ்எஸ்எச் முயற்சி செய்யுங்கள். வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே வீட்டின் பொது முகவரியைச் சோதிக்காதீர்கள், பல ரவுட்டர்கள் உள்ளிருந்து வெளியே போய்த் திரும்ப உள்ளே வரும் பாக்கெட்டைக் கையாளாது, இல்லாத நோய்க்கு மருந்து தேடிக்கொண்டிருப்பீர்கள்.

ஈத்1இல், கனெக்ஷன் கேட்டு வரும் சின் பாக்கெட் தெரியும். அதற்கான சின்ஆக் பதில் ஈத்0இல் வெளியே போகும். காரணம் எளிது: லினக்ஸ் பதில் அனுப்பும்போது, இது எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதில்லை, எங்கே போகவேண்டும் என்று மட்டும்தான் பார்க்கும். போகவேண்டியது இன்டர்நெட்டில் எங்கோ ஓர் இடம், அதற்கு டீஃபால்ட் கேட்வே (வேறு வழி சொல்லாதபோது போகும் வாசல்) முதல் ரவுட்டர். அந்த ரவுட்டருக்கோ இப்படி ஒரு உரையாடல் ஆரம்பித்ததே தெரியாது. ஒன்று குப்பையில் போடும், இல்லை தன் பொது முகவரியை ஒட்டி அனுப்பிவிடும். நாம் ஒரு நம்பருக்குப் போன் செய்ய, பதில் வேறு ஏதோ தெரியாத நம்பரிலிருந்து வந்தால் எடுக்கமாட்டோம் இல்லையா, உங்கள் போனும் அதே மாதிரி அந்த பாக்கெட்டைத் தள்ளிவிடுகிறது. சர்வரிலேயே பொது முகவரி இருக்கும் அமைப்பிலும் இது வேலைக்கு ஆகாது. தன் வாடிக்கையாளருக்குச் சொந்தமில்லாத முகவரியைப் போட்டு வரும் பாக்கெட்டைத் தடுக்கச் சொல்லி 2000இலேயே பிசிபி 38 என்று பரிந்துரை வந்துவிட்டது, அதைப் பின்பற்றும் லைன்காரர் அந்தப் பதிலை வாசலிலேயே நிறுத்திவிடுவார்.

ஈத்1இல் சின் வருகிறது, பதில் எந்தக் கார்டிலும் போகவில்லை என்றால் ஆர்பி ஃபில்டரைப் பாருங்கள். திரும்பிப் போகும் வழி வேறு கார்டாக இருந்தால் வந்த பாக்கெட்டையே கெர்னல் தூக்கிப் போடும் வசதி அது. மதிப்பு 1 என்றால் கறார், 2 என்றால் தளர்வு, 0 என்றால் இல்லை. சிஸ்சிடிஎல் கட்டளை வழியாக 2 வையுங்கள். ஆல் என்ற மதிப்பு, அந்தக் கார்டின் மதிப்பு இரண்டில் எது பெரியதோ அதுதான் செல்லும், அதனால் ஆல் என்பதில் 2 வைத்தாலே எல்லாக் கார்டுக்கும் பொருந்திவிடும்.

படி 3: தனித்தனி ரவுட்டிங் டேபிள்

லினக்ஸில், எந்த முகவரிக்கு எந்த வழி என்று சொல்லும் ரவுட்டிங் டேபிள் ஒன்றுக்கு மேல் உண்டு. நாம் வழக்கமாகப் பார்ப்பது மெயின் என்ற 254ஆம் டேபிள். எந்த பாக்கெட் எந்த டேபிளைப் பார்க்கவேண்டும் என்பதை ஐபி ரூல் முடிவு செய்கிறது. வெறுமனே ஐபி ரூல் என்று அடித்தால் மூன்று வரி வரும்: 0இல் லோக்கல், 32766இல் மெயின், 32767இல் டீஃபால்ட். நாம் இடையில் நம் விதிகளைச் சொருகப்போகிறோம்.

தொலைவிலிருந்து இதைச் செய்கிறீர்கள் என்றால் முதலில் ஒரு பாதுகாப்பு. ஷட்டவுன் ஹைஃபன் ஆர் பிளஸ் 15 என்று அடித்துவிடுங்கள். நீங்கள் வெளியே மாட்டிக்கொண்டால் 15 நிமிடத்தில் சர்வர் தானே ரீபூட் ஆகும், கையால் போட்ட விதிகள் ரீபூட்டில் காணாமல் போய்விடும், பழைய நிலைக்குத் திரும்பிவிடும். எல்லாம் சரியாக வந்தால் ஷட்டவுன் ஹைஃபன் சி போட்டு ரத்து செய்துகொள்ளலாம்.

இப்போது கட்டளைகள்:

ஐபி ரவுட் ஆட் டீஃபால்ட் வயா 192.168.1.1 டெவ் ஈத்0 டேபிள் 100
ஐபி ரவுட் ஆட் டீஃபால்ட் வயா 192.168.2.1 டெவ் ஈத்1 டேபிள் 200
ஐபி ரூல் ஆட் ப்ரயாரிட்டி 100 ஃப்ரம் 192.168.1.10 டேபிள் 100
ஐபி ரூல் ஆட் ப்ரயாரிட்டி 200 ஃப்ரம் 192.168.2.10 டேபிள் 200

அவ்வளவுதான் மையமான வேலை. இரண்டாவது லைனில் வந்தவருக்கு சர்வர் 192.168.2.10 என்ற முகவரியிலிருந்து பதில் சொல்லும், அந்த முகவரியிலிருந்து கிளம்புவது எல்லாம் டேபிள் 200ஐப் பார்க்கும், அதில் இருக்கும் ஒரே வழி இரண்டாவது ரவுட்டர்.

ஆனால் இப்படியே விட்டால் ஒரு ஓட்டை உண்டு. டேபிள் 200இல் டீஃபால்ட் மட்டும்தான் இருக்கிறது. உள் நெட்வொர்க்கில் பக்கத்து மெஷினுக்கோ, விபிஎன்னில் வந்த ஒருவருக்கோ அந்த முகவரியிலிருந்து பதில் போனால் அதையும் ரவுட்டரிடம் தள்ளிவிடும். இதற்கு ஒரு விதியை எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்கலாம்:

ஐபி ரூல் ஆட் ப்ரயாரிட்டி 90 டேபிள் மெயின் சப்ரஸ் அண்டர்ஸ்கோர் ப்ரிஃபிக்ஸ்லெங்த் 0

மெயின் டேபிளைப் பார், ஆனால் டீஃபால்ட் வழி கிடைத்தால் அதை எடுத்துக்கொள்ளாதே, அடுத்த விதிக்குப் போ என்று அர்த்தம். உள்ளூர் முகவரிகளுக்கெல்லாம் மெயின் டேபிளில் குறிப்பான வழி இருப்பதால் அவை சரியாகப் போய்விடும், இன்டர்நெட் பக்கம் போவது மட்டும் நம் விதிக்கு வந்து சேரும். இந்த ஒரு வரி தெரியாமல் ஒவ்வொரு டேபிளிலும் எல்லா உள் நெட்வொர்க்கையும் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

சரிபார்க்க: ஐபி ரவுட் கெட் 8.8.8.8 ஃப்ரம் 192.168.2.10. பதிலில் ஈத்1 வரவேண்டும். முதல் முகவரிக்கு ஈத்0 வரவேண்டும். அப்புறம் போனிலிருந்து மறுபடி முயற்சி செய்யுங்கள், டிசிபிடம்ப்பில் சின், சின்ஆக் இரண்டும் ஒரே கார்டில் தெரியும்.

படி 4: ரீபூட்டுக்குப் பிறகும் நிற்க

உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்பு இருக்கும் நெட்பிளான் கோப்பில் ஒவ்வொரு கார்டுக்குக் கீழும் ரவுட்ஸ் என்ற பகுதியில் அந்தந்த டேபிள் எண்ணோடு டீஃபால்ட் வழியையும், ரவுட்டிங் பாலிசி என்ற பகுதியில் ஃப்ரம் விதியையும் எழுதுங்கள். மெயின் டேபிளுக்கும் இரண்டு டீஃபால்ட் வழி எழுதுங்கள், முதல் லைனுக்கு மெட்ரிக் 100, இரண்டாவதற்கு 200 (சின்ன எண்ணுக்குத்தான் முன்னுரிமை). டேப் கீயை அழுத்தாதீர்கள், ஸ்பேஸ் மட்டும்தான். எழுதி முடித்ததும் நெட்பிளான் அப்ளை வேண்டாம், நெட்பிளான் ட்ரை போடுங்கள். 120 வினாடிக்குள் என்டர் அழுத்தி உறுதி செய்யாவிட்டால் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும்.

ஒரு வம்பு உண்டு. நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்டி நெட்வொர்க்டி, தான் போடாத விதிகளைக் கண்டால் ரீஸ்டார்ட் ஆகும்போது துடைத்துவிடும். அந்த சப்ரஸ் விதியைத் தனி சர்வீஸ் கோப்பு வழியாகப் போட்டால், ஏதோ ஒரு அப்டேட்டுக்குப் பிறகு அது காணாமல் போயிருக்கும், நீங்கள் மண்டையைப் பிய்த்துக்கொள்வீர்கள். நெட்வொர்க்டி கான்ஃப் கோப்பில் மேனேஜ் ஃபாரின் ரவுட்டிங் பாலிசி ரூல்ஸ் என்பதை நோ என்று வைத்தால் அது கைவைக்காது.

டாக்கர் வைத்திருப்பவர்களுக்கு

சர்வரில் நேராக ஓடும் எஸ்எஸ்எச்சுக்கு மேலே சொன்னது போதும். டாக்கர் கன்டெய்னருக்குள் ஓடும் சர்வீஸுக்குப் போதாது. கன்டெய்னர் பதில் அனுப்பும்போது அதன் முகவரி 172.17 என்று ஏதோ இருக்கும், 192.168.2.10ஆக மாறுவது ரவுட்டிங் முடிவான பிறகுதான், அதனால் ஃப்ரம் விதி அதைப் பார்ப்பதே இல்லை. அங்கே கனெக்ஷனுக்கே அடையாளம் வைக்கவேண்டும். ஐபிடேபிள்ஸின் மேங்கிள் டேபிளில், ப்ரீரவுட்டிங்கில், ஈத்1 வழியாக வரும் புதிய கனெக்ஷனுக்கு கான்மார்க் 2 என்று குத்துங்கள். டாக்கர் பிரிட்ஜிலிருந்து திரும்பி வரும் பாக்கெட்டில் கான்மார்க் ரீஸ்டோர் போட்டு அந்த அடையாளத்தை எடுத்து ஒட்டுங்கள். எஃப்டபிள்யூமார்க் 2 என்றால் டேபிள் 200 என்று ஒரு ஐபி ரூல். முதல் லைனுக்கும் 1 என்று இதையே செய்துவிட்டால் குழப்பம் இருக்காது.

படி 5: உங்கள் லேப்டாப் பக்கம்

பொது முகவரி நிலையாக இல்லை என்றால் மாறும் முகவரிக்கு மாறாத பெயர் தரும் டைனமிக் டிஎன்எஸ்ஸில் இரண்டு பெயர் வாங்குங்கள், லைனுக்கு ஒன்று. அப்டேட் ஸ்கிரிப்ட் அந்தந்த லைனின் பொது முகவரியைத்தான் அனுப்பவேண்டும், அதற்கு கர்ல் கட்டளையில் இன்டர்ஃபேஸ் என்ற இடத்தில் 192.168.2.10 என்று முகவரியைக் கொடுத்தால் நாம் போட்ட விதியே அதை இரண்டாவது லைனுக்கு அனுப்பிவிடும். இதைக் கொடுக்காவிட்டால் இரண்டு பெயரும் முதல் லைனையே காட்டிக்கொண்டிருக்கும், அந்த லைன் போகும் நாள் வரை உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

எஸ்எஸ்எச் கான்ஃபிக்கில் இரண்டு ஹோஸ்ட் எழுதி, இரண்டுக்கும் ஹோஸ்ட்கீஏலியஸ் ஒன்றையே வையுங்கள், இல்லையென்றால் ஒரே சர்வரை இரண்டு சர்வராக நினைத்துக் கேள்வி கேட்கும். கனெக்ட்டைம்அவுட் 5 போடுங்கள். இரண்டையும் நினைவில் வைக்கச் சோம்பல் என்றால், ஒரே பெயருக்கு இரண்டு முகவரிகளையும் ஏ ரெக்கார்டாக (பெயரை முகவரியோடு இணைக்கும் டிஎன்எஸ் பதிவு) கொடுங்கள், ஓபன்எஸ்எஸ்எச் ஒன்று கிடைக்காவிட்டால் அடுத்ததை முயற்சி செய்யும். தனித்தனிப் பெயரும் கூடவே இருக்கட்டும், எந்த லைன் செத்தது என்று பார்க்க அதுதான் உதவும்.

கதவு இரண்டாகிவிட்டதால் தட்டுகிறவர்களும் இரண்டு பக்கமும் வருவார்கள். பாஸ்வேர்ட் ஆதென்டிகேஷன் நோ, கீ மட்டும். இதில் பேரமே இல்லை.

படி 6: சிஜிநாட் லைனுக்கு டனல்

பொது முகவரி உள்ள சின்ன விபிஎஸ் (வாடகைக்கு எடுக்கும் மெய்நிகர் சர்வர்) ஒன்று வேண்டும். சர்வர் அங்கே போய் ஒரு டனலைத் திறந்து வைத்திருக்கும், நீங்கள் விபிஎஸ் வழியாக உள்ளே வருவீர்கள். உள்ளிருந்து வெளியே போகும் கனெக்ஷன் என்பதால் சிஜிநாட் தடுக்காது.

எளிய வழி எஸ்எஸ்எச் ரிவர்ஸ் டனல். லைனுக்கு ஒன்றாக இரண்டு போடுங்கள்: ஹைஃபன் பி என்ற தேர்வில் 192.168.1.10 கொடுத்து, ஹைஃபன் பெரிய ஆர் தேர்வில் 2201 லோக்கல்ஹோஸ்ட் 22; இன்னொன்றுக்கு 192.168.2.10, போர்ட் 2202. ஹைஃபன் பி கிளம்பும் முகவரியைக் கட்டிவிடுகிறது, மறுபடியும் நம் ஃப்ரம் விதி அதைச் சரியான லைனில் ஏற்றுகிறது. சிஸ்டம்டி சர்வீஸாக எழுதி ரீஸ்டார்ட் ஆல்வேஸ் வையுங்கள், எக்ஸிட் ஆன் ஃபார்வர்ட் ஃபெயிலியர் யெஸ், சர்வர் அலைவ் இன்டர்வல் 15. விபிஎஸ் பக்கம் கிளையன்ட் அலைவ் இன்டர்வலும் 15 வைக்கவேண்டும், இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். வைக்காவிட்டால் செத்துப்போன பழைய கனெக்ஷன் 2202ஐப் பிடித்துக்கொண்டே இருக்கும், புதிய டனல் வந்து போர்ட் கிடைக்காமல் திரும்பத் திரும்ப விழும்.

என்னைக் கேட்டால் வயர்கார்ட் என்ற விபிஎன்தான் இதைவிட மேல். லினக்ஸ் 5.6 முதல் கெர்னலிலேயே இருக்கிறது. சர்வர், விபிஎஸ், லேப்டாப் மூன்றையும் ஒரே வயர்கார்ட் நெட்வொர்க்கில் போட்டு, சர்வர் பக்கம் பர்சிஸ்டன்ட் கீப்அலைவ் 25 வையுங்கள். முதல் லைன் போய் சர்வர் இரண்டாவது லைனில் பேச ஆரம்பித்தால் விபிஎஸ் புதிய முகவரியைத் தானே தெரிந்துகொள்ளும். உள்ளே ஓடும் எஸ்எஸ்எச் செஷன் சற்று உறைந்து நின்று, மறுபடி நகரும், அறுந்துபோகாது. போர்ட் ஃபார்வர்டிங் முறையில் இது கிடைக்காது, லைன் போனால் செஷனும் போகும், அதனால் அங்கே, கனெக்ஷன் அறுந்தாலும் வேலையைத் தொடரவிடும் டீமக்ஸ் இல்லாமல் பெரிய வேலை எதையும் ஆரம்பிக்காதீர்கள். எஸ்எஸ்எச்சுக்கு மாற்றான மோஷ் உதவுமே என்று தோன்றலாம், ஆனால் அது உங்கள் முகவரி மாறுவதைத்தான் தாங்கும், சர்வரின் முகவரி மாறுவதை அல்ல.

வயர்கார்ட் லைன் மாற வேண்டுமானால் சர்வரின் டீஃபால்ட் வழி மாறவேண்டும். மெட்ரிக் மட்டும் இதைச் செய்யாது. ரவுட்டருக்கும் சர்வருக்கும் இடையே கேபிள் இருக்கும் வரை எல்லாம் நன்றாக இருப்பதாகத்தான் லினக்ஸ் நினைக்கும், தெருவில் ஃபைபர் அறுந்தது அதற்கு எப்படித் தெரியும்? ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வேண்டும்: பிங் ஹைஃபன் பெரிய ஐ 192.168.1.10 என்று போட்டு 1.1.1.1, 8.8.8.8 இரண்டையும் பார்க்கட்டும், இரண்டும் தொடர்ந்து சில முறை பதில் சொல்லாவிட்டால் மட்டும் மெயின் டேபிளில் முதல் லைனின் டீஃபால்ட்டை எடுத்துவிடட்டும், லைன் திரும்பி வந்து கொஞ்ச நேரம் நிலையாக நின்றபின் திரும்பப் போடட்டும். சோதனை டேபிள் 100 வழியாகப் போவதால் மெயினில் எடுத்துவிட்ட பிறகும் அது வேலை செய்யும். ஒரே ஒரு பிங் தவறியதற்கெல்லாம் லைன் மாற்றினால் மழைநாளில் இரண்டுக்கும் நடுவே ஆடிக்கொண்டே இருக்கும். வயர்கார்ட் பழைய முகவரியை நினைவில் வைத்திருப்பதால் மாறுவதற்குச் சில நொடிகளிலிருந்து ஓரிரு நிமிடம் வரை ஆகலாம், பதற வேண்டாம்.

கனெக்ட் ஆகி நடுவில் உறைந்தால்

லாகின் கேட்கும் முன்பே கீ எக்ஸ்சேஞ்சில் நிற்கிறது, அல்லது உள்ளே போய்ப் பெரிய கோப்பைத் திறந்தால் திரை உறைகிறது, சின்னக் கட்டளைகள் மட்டும் ஓடுகின்றன: எம்டியூவை (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) சந்தேகப்படுங்கள். யூசர்நேம், பாஸ்வேர்ட் போட்டு இணையும் பிபிபிஓஇ லைனில் 1500க்குப் பதில் 1492தான் போகும், சிம் லைனில் அதற்கும் கீழே இருக்கலாம். பிங் ஹைஃபன் பெரிய எம் டூ (எண் அல்ல, டி, ஓ என்ற எழுத்துகள்) ஹைஃபன் எஸ் 1464 போட்டுப் பாருங்கள், 28 பைட் தலைப்போடு சேர்த்தால் 1492. போகவில்லை என்றால் எண்ணைக் குறைத்துக்கொண்டே வந்து, போகும் அளவோடு 28ஐக் கூட்டி அந்தக் கார்டின் எம்டியூவாக வையுங்கள். வயர்கார்ட் வழக்கமாக 1420 எடுத்துக்கொள்ளும், சிம் லைனில் அதை 1280 வரை இறக்கிப் பார்க்கலாம்.

ஐபிவி6 இருக்கும் லைன் என்றால் சிஜிநாட் தொல்லை அதில் இல்லை, ரவுட்டரின் ஃபயர்வாலில் திறந்துவிட்டால் நேராக வரலாம். ஆனால் நீங்கள் இருக்கும் இடத்திலும் ஐபிவி6 வேண்டும், மேலே போட்ட விதிகள் ஐபிவி4க்கு மட்டும்தான் என்பதால் ஐபி ஹைஃபன் 6 ரூல் என்று தனியாக இன்னொரு முறை எழுதவேண்டும்.

கடைசியாக, உபயோகிக்காத லைன் செத்தால் யாருக்கும் தெரியாது. விபிஎஸ்ஸில் ஒரு கிரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) போட்டு, போர்ட் ஃபார்வர்டிங் என்றால் இரண்டு பொது முகவரியையும், ரிவர்ஸ் டனல் என்றால் 2201, 2202 இரண்டையும் அவ்வப்போது தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பதில் வராத கதவைப் பற்றி மெயிலோ டெலிகிராம் செய்தியோ வரட்டும். மாதம் ஒருமுறை சர்வர் பக்கத்தில் ஆள் இருக்கும்போது முதல் ரவுட்டரிலிருந்து ஃபைபர் கேபிளைக் கழற்றிப் பாருங்கள், சர்வரில் செருகிய கேபிளை அல்ல. அதைக் கழற்றினால் கார்டே டவுன் ஆகி, ஸ்கிரிப்ட் வேலை செய்ததா மெட்ரிக்கே சமாளித்ததா என்று தெரியாமல் போய்விடும். இரண்டாவது லைன் சிம் என்றால் ரீசார்ஜ் முடியும் தேதியையும் அதே கிரானில் நினைவூட்டலாகப் போட்டுவிடுங்கள்.